சிவப்புக் கல் மாணிக்கமா, ஸ்பினெலா? எப்படிப் பிரித்து அறிவது

"மாணிக்கம், ஸ்பினெல் இரண்டில் எது கடினமானது? கீறிப் பார்த்தால் தெரிந்துவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முன் நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தைப் படித்தால் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி வேறு என்று தோன்றுகிறது. பாட்டியின் மோதிரத்தை மாற்றிச் செய்வதற்காகக் கல்லைக் கழற்றியிருக்கிறீர்கள். எடை 3.12 காரட். பார்த்த ஒருவர் மாணிக்கம் என்றார், இன்னொருவர் ஸ்பினெல் என்றார். இத்தனை ஆண்டுகள் மாணிக்கம் என்று நம்பியது மாணிக்கம்தானா, இல்லையென்றால் பாட்டியை யாராவது ஏமாற்றிவிட்டார்களா என்பதுதான் உங்களை உறுத்துகிறது. இரண்டுக்குமே பதில் சொல்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்களைச் சோதித்து இன்ன கல் என்று சொல்வதுதான் என் வேலை. இந்த ஜோடியைப் பிரிப்பது எனக்கு இன்றும் பிடித்த வேலை.

முதலில் நேர்க் கேள்வி. மோஸ் அளவுகோலில் மாணிக்கம் 9, ஸ்பினெல் 8. ஆகவே மாணிக்கம்தான் கடினம், அதில் சந்தேகமில்லை. ஆனால் தயவுசெய்து கீறிப் பார்க்காதீர்கள். இரண்டுமே கண்ணாடியைக் கீறும், எஃகைக் கீறும். சிவப்புக் கார்னெட்டும் கண்ணாடியைக் கீறும், சாதாரண குவார்ட்ஸும் கீறும். அதனால் கண்ணாடியில் விழும் கோடு உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. சரி, தெரிந்த மாணிக்கம் ஒன்றை எடுத்து இந்தக் கல்லின் மேல் இழுத்துப் பார்க்கலாமே என்றால், கல் ஸ்பினெலாக இருந்தால் ஆறாத ஒரு கோடு விழும். விடை கிடைக்கும், ஆனால் கல் கெட்டுவிடும். இன்னொன்று: மோஸ் அளவுகோல் வெறும் வரிசை எண். எது எதைக் கீறும் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. 8க்கும் 9க்கும் இடையே உள்ள தூரமும் 9க்கும் 10க்கும் இடையே உள்ள தூரமும் ஒன்றல்ல. மாணிக்கத்திலிருந்து வைரத்துக்கு உள்ள தாவல் மிகப் பெரியது.

நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதா என்றால், இந்த இரண்டு கற்கள் விஷயத்தில் நிறம்தான் மிக மோசமான வழிகாட்டி. காரணம் எளிது. இரண்டையும் சிவப்பாக்குவது ஒரே பொருள், குரோமியம். மாணிக்கம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த குருந்தம். ஆங்கிலத்தில் இந்தக் கனிமத்துக்கு வழங்கும் கொரண்டம் என்ற பெயரே நம்முடைய குருந்தத்திலிருந்து போனதுதான். ஸ்பினெலில் அவற்றோடு மக்னீசியமும் சேர்ந்திருக்கும். இரண்டிலும் சில அலுமினிய அணுக்களின் இடத்தில் குரோமியம் உட்கார்ந்துகொள்கிறது. அது ஊதாவையும் மஞ்சள்-பச்சைப் பகுதியையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை வெளியே விடுகிறது. (மரகதத்தைப் பச்சையாக்குவதும் பெரும்பாலும் இதே குரோமியம்தான். சுற்றியுள்ள அணுக்கள் அதை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன என்பதைப் பொறுத்து ஒரே பொருள் ஒரு கல்லில் சிவப்பாகவும் இன்னொன்றில் பச்சையாகவும் தெரிவது, எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அதிசயமாகவே இருக்கிறது.)

அதனால் பாட்டியை யாரும் ஏமாற்றியிருக்க வேண்டிய அவசியமில்லை. இந்த இரண்டு கற்களும் ஒரே வகைச் சுண்ணாம்புப் பளிங்குப் பாறைகளில், சில சுரங்கங்களில் பக்கத்துப் பக்கத்திலேயே விளைகின்றன. மியான்மரின் மோகோக் பள்ளத்தாக்கில் இரண்டும் ஒரே மண்ணிலிருந்து வருகின்றன. 1783-ல் பிரெஞ்சு படிகவியலாளர் ரோமே த லீல் இரண்டும் வெவ்வேறு கனிமங்கள் என்று பிரித்துக் காட்டினார். அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக நல்ல சிவப்பு ஸ்பினெல்கள் மாணிக்கம் என்றே அழைக்கப்பட்டன. பிரிட்டிஷ் அரச மகுடத்தின் முன்புறத்தில் இருக்கும், சுமார் 170 காரட் எடையுள்ள 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' உண்மையில் ஸ்பினெல். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், பாரசீக மன்னர் நாதிர் ஷா உள்ளிட்ட பலருடைய பெயர்கள் பொறிக்கப்பட்ட 'திமூர் மாணிக்கம்' என்பதும் ஸ்பினெல்தான். அரசர்களின் கருவூலத்திலேயே அப்படி என்றால், ஒரு குடும்பத்தில் மாணிக்கம் என்ற பெயரோடு ஒரு ஸ்பினெல் கைமாறி வந்திருப்பதில் வஞ்சகம் எதையும் தேட வேண்டியதில்லை.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? திசையில். இதை ஒருமுறை பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். ஸ்பினெலின் அணுக்கள் கனசதுர ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. மேலே கீழே, இடம் வலம், முன்னே பின்னே என்று எந்தப் பக்கம் போனாலும் ஒளிக்கு ஒரே பாதைதான். மாணிக்கம் அப்படியல்ல. அதன் படிகத்துக்கு ஒரு நடு அச்சு உண்டு. அந்த அச்சின் திசையில் ஒளி ஒரு விதமாகவும், அதற்குக் குறுக்கே இன்னொரு விதமாகவும் நடந்துகொள்ளும். குறுக்கே நுழையும் ஒளி இரண்டு கதிர்களாகப் பிரிகிறது. இரண்டும் வேறு வேறு வேகத்தில் போகின்றன, வேறு வேறு நிறப் பகுதியை இழக்கின்றன. ஒன்று ஊதா கலந்த சிவப்பாக வெளியே வரும், மற்றொன்று ஆரஞ்சு கலந்த சிவப்பாக வரும். வெறும் கண்ணுக்கு இரண்டும் கலந்து ஒரே சிவப்பாகத் தெரிவதால்தான் நமக்கு அது தெரிவதில்லை.

அந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் சிறிய கருவி டைக்ரோஸ்கோப். விரல் நீளம்தான் இருக்கும், உள்ளே இரண்டு சன்னல்கள் தெரியும். மாணிக்கத்தை அதன் வழியாகப் பார்த்தால் ஒரு சன்னல் ஊதாச் சிவப்பு, மறு சன்னல் ஆரஞ்சுச் சிவப்பு. ஸ்பினெலைப் பார்த்தால் இரண்டு சன்னலும் ஒரே நிறம். இவ்வளவுதான் சோதனை. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது, நானே அதில் விழுந்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் ஒரு சிவப்புக் கல்லை மேல்முகத்தின் வழியாக மட்டும் பார்த்துவிட்டு, இரண்டு சன்னலும் ஒரே நிறம் என்பதால் ஸ்பினெல் என்று எழுதிக் கொடுத்தேன். என் ஆசிரியர் கல்லை இடுக்கியில் சாய்த்துப் பிடித்து, "இப்போது பார்" என்றார். இரண்டு நிறங்களும் பளிச்சென்று தெரிந்தன. நடு அச்சின் திசையில் பார்க்கும்போது மாணிக்கமும் ஒரே நிறம்தான் காட்டும். அந்தத் திசையில்தான் மாணிக்கத்தின் சிவப்பு மிக அழகு என்பதால், பட்டை தீட்டுபவர்கள் பெரும்பாலும் அந்த அச்சு மேல்முகத்துக்கு நேராக வரும்படி கல்லை அமைக்கிறார்கள். ஆக, எல்லோரும் முதலில் பார்க்கும் அந்தப் பக்கமே ஏமாற்றும் பக்கம். குறைந்தது மூன்று திசைகளில் பார்க்காமல் "ஒரே நிறம்" என்று முடிவு செய்யக் கூடாது. ஆனால் இரண்டு நிறம் ஒருமுறை தெளிவாகத் தெரிந்துவிட்டால் அது ஸ்பினெல் இல்லை. இதைத் தயங்காமல் சொல்லலாம்.

டைக்ரோஸ்கோப் இல்லையென்றால் வீட்டிலேயே ஒரு முயற்சி செய்து பார்க்கலாம். எல்சிடி வகைக் கணினித் திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே ஒரே திசையில் மட்டும் அதிரும் ஒளி. திரையை முழு வெள்ளையாக வைத்து, அறையை இருட்டாக்கி, கல்லை இடுக்கியால் திரைக்கு மிக அருகில் பிடித்து, பக்கவாட்டாக ஒளி ஊடுருவும்படி வைத்துக்கொண்டு மெதுவாகச் சுழற்றுங்கள். கால் சுற்றுக்கு ஒருமுறை சிவப்பு ஊதாப் பக்கமும் ஆரஞ்சுப் பக்கமும் மாறி மாறிச் சாய்ந்தால் அது மாணிக்கத்தின் குணம். எதிர்பார்க்க வேண்டியது நிறத்தின் மாற்றம். பட்டைகள் மின்னி மறைவதால் வெளிச்சம் கூடிக் குறைவது கணக்கில்லை. அடர்ந்த சிவப்பாக இருந்தால் ஒளி உள்ளே போகாமல் கறுப்பாகவே தெரியக்கூடும். அதனால் மாற்றம் தெரிந்தால் அதை நம்புங்கள். தெரியவில்லை என்றால் அதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது ஒப்படர்த்தி. உங்கள் கல் கழற்றிய நிலையில் இருப்பதால் இது உங்களுக்கு மிகவும் உதவும். மாணிக்கம் தன் கன அளவுள்ள நீரைப்போல் 4.00 மடங்கு கனம், ஸ்பினெல் 3.60 மடங்கு. கல்லை முதலில் காற்றில் நிறுக்க வேண்டும், பிறகு மெல்லிய கம்பியில் தொங்கவிட்டு நீருக்குள் நிறுக்க வேண்டும். காற்றில் உள்ள எடையை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் ஒப்படர்த்தி வந்துவிடும். உங்கள் 3.12 காரட் கல் மாணிக்கமாக இருந்தால் நீருக்குள் சுமார் 2.34 காரட் காட்டும். ஸ்பினெலாக இருந்தால் சுமார் 2.25. இடைவெளி 0.09 காரட், அதாவது 0.018 கிராம். கிராமில் இரண்டு தசம இடம் மட்டும் காட்டும் சிறிய தராசு இதற்குப் போதாது. மூன்று தசம இடம் காட்டும் காரட் தராசு வேண்டும். நீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கல்லில் ஒட்டும் நுண்ணிய காற்றுக் குமிழ்களும் கம்பியைப் பிடிக்கும் நீரின் பரப்பும் கணக்கைக் கெடுத்துவிடும். கம்பியின் எடையைக் கழிக்க மறக்க வேண்டாம். மூன்று முறை நிறுத்து சராசரி எடுங்கள். கல் 0.30 காரட் அளவுக்குச் சிறியது என்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.008 காரட்தான் வரும். அந்த அளவில் நல்ல தராசில்கூட நான் இந்தச் சோதனையை நம்புவதில்லை.

இந்த அடர்த்தி வேறுபாட்டால் கண்ணுக்குத் தெரியும் ஒரு விளைவும் உண்டு. ஒரே எடை, ஒரே வெட்டு என்றால் ஸ்பினெல் மாணிக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். கன அளவில் சுமார் 11 சதவீதம், குறுக்களவில் மூன்றரை சதவீதம். மோதிரத்தில் கல் பதியும் இடத்தை அளவெடுக்கும்போது இது முக்கியம். கல்லை அடையாளம் காண இது உதவாது, வெட்டின் ஆழம் அதைவிட அதிகமாக மாறும்.

ஆய்வு மேசையில் நாங்கள் அதிகம் நம்புவது ஒளிவிலகல் எண்ணைத்தான், அதாவது கல்லுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்று சொல்லும் எண்ணை. மாணிக்கம் இரண்டு அளவுகள் காட்டும், ஏறத்தாழ 1.762, 1.770. ஸ்பினெல் ஒரே அளவு, 1.718 அல்லது அதை ஒட்டி. அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் இந்த இடைவெளி மிகத் தாராளமானது, பிழைக்கே இடமில்லை. அதே எண் கல்லின் பளபளப்பையும் தீர்மானிக்கிறது. நேராக விழும் ஒளியில் மாணிக்கம் சுமார் 7.7 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது, ஸ்பினெல் 7 சதவீதத்தை. அந்த வித்தியாசத்தை எந்தக் கண்ணும் பிரித்தறியாது. "மாணிக்கம் என்றால் பளபளப்பிலேயே தெரிந்துவிடும்" என்று யாராவது சொன்னால் மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள், முடிவை அதன்மேல் வைக்காதீர்கள். வானவில் நிறங்களைச் சிதறடிப்பதிலும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான்: 0.018, 0.020. வைரத்துக்கு அது 0.044.

புற ஊதா விளக்கைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்த ஜோடியைப் பிரிக்க அது உதவாது. குரோமியம் இருப்பதால் இரண்டுமே சிவப்பாக ஒளிரும். ஆனால் மூன்றாவது ஆள் ஒருவரை வெளியேற்ற அது நன்றாக உதவும். அவர்தான் சிவப்புக் கார்னெட். கார்னெட்டும் ஸ்பினெலைப் போலவே கனசதுரப் படிகம், டைக்ரோஸ்கோப்பில் ஒரே நிறம்தான் காட்டும். அதில் பைரோப் என்ற வகையின் ஒளிவிலகல் எண் ஸ்பினெலின் பக்கத்திலேயே வரக்கூடும், சிவப்புக் கார்னெட்டுகளின் ஒப்படர்த்தி 3.7-லிருந்து 4-ஐத் தாண்டியும் போகும். ஆனால் கார்னெட்டில் இரும்பு நிறைய இருப்பதால் ஒளிராது, இருட்டில் செத்துக் கிடக்கும். இரும்பு ஒளிர்வைக் கொன்றுவிடும். இதே காரணத்தால் இரும்பு அதிகமுள்ள எரிமலைப் பாறைகளிலிருந்து வரும் மாணிக்கங்களும் மங்கலாகவே ஒளிரும், பளிங்குப் பாறையில் விளைந்தவை தணல்போல் எரியும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: மிகப் பலமாக ஒளிர்ந்தால் அது நல்ல இயற்கைக் கல் என்று அர்த்தமில்லை. செயற்கை மாணிக்கங்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும்விடப் பலமாக ஒளிரும்.

இங்கேதான் நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வருகிறது. மாணிக்கம் என்று உறுதியானாலும் அது மண்ணில் விளைந்ததா, உலையில் விளைந்ததா? பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னூய், தீச்சுடரில் மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-ல் வெளியிட்டார். பாட்டி காலத்து நகை என்பதாலேயே இயற்கைக் கல் என்று சொல்ல முடியாமல் போனது அதனால்தான். மேலே சொன்ன எல்லாச் சோதனையிலும் செயற்கை மாணிக்கம் இயற்கை மாணிக்கத்தைப் போலவே தேறும், ஏனென்றால் பொருள் ஒன்றே, அடுக்கும் ஒன்றே. 9 கடினம், 4.00 அடர்த்தி, இரண்டு நிறம், எல்லாம் அப்படியே. வேறுபாடு வளர்ந்த விதத்தில் மட்டும் இருக்கிறது, அது உள்ளே பதிந்திருக்கும். பத்து மடங்கு லென்ஸை எடுத்து, பக்கவாட்டில் வெளிச்சம் கொடுத்துப் பாருங்கள். பழைய இசைத்தட்டின் வரிகளைப்போல் வளைந்த கோடுகளோ, உருண்டைக் குமிழ்களோ தெரிந்தால் தீச்சுடர்க் கல். வளைந்த கோடு இயற்கையில் வராது. மாறாக, மெல்லிய பட்டு நூல்போன்ற ஊசிகள் 60 பாகைக் கோணத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தால் அது குருந்தத்துக்குள் விளைந்த ரூட்டைல் என்ற கனிமம், இயற்கைக்கு நல்ல சாட்சி. ஸ்பினெல் என்றால் உள்ளே குட்டி எண்முகப் படிகங்கள் வரிசை வரிசையாக, சில நேரம் கைரேகை மாதிரி வளைந்து நிற்கும். லென்ஸில் அதை முதல்முறை பார்த்த நாளை யாரும் மறக்கமாட்டார்கள்.

எது உறுதி, எது உறுதியில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். கழற்றிய கல்லில் ஒளிவிலகல், இரு நிறம், ஒப்படர்த்தி மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் மாணிக்கமா ஸ்பினெலா என்பது முடிந்துபோன விஷயம். அதைச் சொல்ல ஒரு பயிற்சி பெற்றவருக்குப் பத்து நிமிடம் போதும். இயற்கையா செயற்கையா என்பதை உள்ளே தடயம் இருந்தால் சொல்லலாம். கல் முழுச் சுத்தமாக இருந்தால் லென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு நான் சொல்லமாட்டேன். சூடுபடுத்தப்பட்டதா என்பது அதைவிடக் கடினம். மாணிக்கங்களைச் சூடாக்கி நிறத்தைத் தெளிவாக்குவது மிகப் பரவலான வழக்கம். பட்டு ஊசிகள் உடைந்து புள்ளிகளாகியிருப்பது போன்ற குறிகள் சந்தேகத்தைக் கிளப்பும், ஆனால் சந்தேகத்தைத் தீர்க்க நிறமாலைக் கருவிகள் உள்ள ஆய்வகம் வேண்டும். எந்த நாட்டுச் சுரங்கம் என்பதும் அப்படித்தான். அங்கேகூட அது அளவீடுகளின் மேல் சொல்லப்படும் ஒரு கருத்து, சில கற்களில் இரண்டு ஆய்வகங்கள் இரண்டு பதில் தரலாம். படத்தை மட்டும் பார்த்து இது என்ன கல் என்று நான் சொல்லவே மாட்டேன். நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிவது அழகான சிவப்பு, அவ்வளவுதான்.

கடைசியாக, புது மோதிரத்தில் பதிப்பதைப் பற்றி. தினமும் அணிவதற்கு இரண்டுமே நல்ல கற்கள். நம்மைச் சுற்றியுள்ள தூசியில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் 7, இரண்டும் அதற்கு மேல். ஒரு தட்டில் பிளந்துபோகும் பலவீனமான தளமும் இரண்டிலும் இல்லை. மாணிக்கத்தோடோ வைரத்தோடோ ஒரே பெட்டியில் கிடந்து உரசினால் ஸ்பினெலின் பட்டை விளிம்புகள் மழுங்கும், அதனால் தனியாக வையுங்கள். பதிக்கும்போது கல்லின் மேல் தீச்சுடர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெங்காரம் பட்டுச் சூடானால் மாணிக்கத்தின் மேற்பரப்பு அரிக்கும்; ஸ்பினெலில் அதிகச் சூடு சில நிறங்களை வெளிறச் செய்யலாம். மாணிக்கம் என்று தெரிந்தால், பதிக்கக் கொடுப்பதற்கு முன் லென்ஸில் இன்னொன்றையும் பாருங்கள்: விரிசல்களுக்குள் நீல மின்னலும் தட்டையான குமிழ்களும் தெரிகின்றனவா? தெரிந்தால் ஈயக் கண்ணாடி ஊற்றி நிரப்பிய கல். அதற்குச் சூடும் ஆகாது, அல்ட்ராசோனிக் தொட்டியும் ஆகாது, எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிக்கத் தொடங்கும். நிரப்பாத கல்லாகவோ ஸ்பினெலாகவோ இருந்தால் வெதுவெதுப்பான சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் போதும். முதலில் எடை போட்டுப் பாருங்கள், 2.34 வருகிறதா 2.25 வருகிறதா என்று எழுதுங்கள். எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.